ஒன்பதாவது ஆள்

வெளிமாநிலத்து ஆட்கள் ஏன் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்று சென்ற வாரம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னைக் கேட்டார். கேட்ட வாயாலேயே, "எல்லாம் ஓடுகாலிப் பயலுகண்ணே, எங்க போட்டாலும் மூணு மாசந்தான்" என்று பதிலையும் சொல்லி முடித்துவிட்டார். பிறகு எதற்காக என்னை அழைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகாது என்று நினைத்திருக்கலாம். அன்று சொல்லாமல் விட்ட பதிலை, கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் இத்தொழிலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படிக்கும்படி இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். படிக்கும்போது சிலருக்குக் கோபம் வரக்கூடும். எனக்கு எழுதும்போதே வருகிறது.

நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் மதுரை ஆள் அனுப்பும் ஊர். வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும் இருந்த இளைஞர்களைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏற்றிவிடுவதே எங்கள் வேலையாக இருந்தது. கொஞ்சம் துணிந்தவர்கள் சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் போனார்கள். இன்று அதே மதுரை ஆள் வாங்கும் ஊராகவும் ஆகிவிட்டது. பரவைச் சந்தையில் மூட்டை இறக்குபவர் பீகார். நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைபவர் அசாம். கட்டடத்தில் கம்பி கட்டுபவர் ஜார்க்கண்ட். நம் பிள்ளைகள் வெளியூர் போவதும் நிற்கவில்லை. அவர்கள் விட்டுப்போன இடத்தில் இவர்கள் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் முதலாளிகள் படுத்தும் பாட்டை நான் பல ஆண்டுகள் பொறுத்திருக்கிறேன். ஒருவர் எதிரே வந்து அமர்ந்து, "நம்ம ஊர்ப் பயலுக வேலைக்கு வரமாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொள்வார். தேநீர் வருவதற்குள், "வடக்கத்தி ஆளு வந்தா நிக்க மாட்டேங்கிறான்" என்பார். வராதவனுக்கும் நிற்காதவனுக்கும் பொதுவாக இருப்பது தம்முடைய கம்பெனி ஒன்றுதான் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. அதை நாம் எடுத்துச் சொல்லவும் கூடாது. தலையை ஆட்டிக்கொண்டே, எத்தனை பேர் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

அந்த "எத்தனை பேர்" என்ற கேள்வியில்தான் நம் தொழிலின் முழு மூடத்தனமும் அடங்கியிருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஆட்கள் தனித்தனியாக வருவதில்லை. ஒரே ஊரைச் சேர்ந்த எட்டுப் பேர், பத்துப் பேர் ஒன்றாக வருகிறார்கள். நாம் அதைச் 'செட்டு' என்கிறோம். செட்டுக்கு ஒரு தலைவர் உண்டு. கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். எல்லோருக்கும் சமைத்துப் போடும் ஒருவரும் பெரும்பாலும் உண்டு. அவர் இயந்திரத்தில் நிற்கமாட்டார். மற்றவர்கள் தங்கள் வருமானத்திலிருந்து அவருக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். இது அவர்களுடைய ஏற்பாடு. நாம் ஏற்படுத்தியதன்று, ஆகையால் நம் கண்ணுக்கு அது தெரிவதும் இல்லை.

திருமங்கலத்துக்கு அருகே ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இப்படி ஒன்பது பேர் கொண்ட ஒரு செட்டைக் கொடுத்திருந்தோம். எல்லோரும் ஒடிசாக்காரர்கள். தலைவர் பிகாஷ், திருப்பூரில் இரண்டு ஆண்டுகள் இருந்து தமிழ் பழகியவர். சமையல்காரரை எல்லோரும் 'மௌசா' என்று அழைத்தார்கள். தாயின் தங்கை கணவரை அப்படிச் சொல்வார்களாம். நம் சித்தப்பா முறை. வயது ஐம்பதைத் தாண்டியவர். சூரத்தில் விசைத்தறி ஓட்டியபோது வலக்கையில் இரண்டு விரல்களை இழந்தவர். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. அவர் ஊரில் அவருக்கு நிலமும் இல்லை. இந்த எட்டுப் பேருக்குச் சோறு வடிப்பது ஒன்றே அவருக்கு இந்தப் பூமியில் மிஞ்சியிருந்த வேலை. அதை இழந்தால் அவர் ஊருக்குத் திரும்பி யாருடைய வாசலிலாவது உட்கார வேண்டியதுதான்.

ஓராண்டு குறையின்றி ஓடியது. பழைய மேலாளர் கண்டும் காணாமல் இருந்தார். அவர் விலகி, பிரபு என்ற இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி செய்யும் காலம். மதுரையின் பாதி மிட்டாய்க் கடைகளுக்கு அங்கிருந்துதான் பெட்டி போக வேண்டும். போதாக்குறைக்கு, அட்டையை வெட்டும் பஞ்சிங் இயந்திரத்தை ஓட்டிய உள்ளூர்ப் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். பிரபுவின் நெருக்கடி உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஒரு முற்பகலில் அவர் என்னை அழைத்தார்.

"அண்ணே, உங்க ஆளு ஒருத்தன் பதினோரு மணிக்கு ரூம்ல குறட்டை விட்டுத் தூங்குறான்."

"அவர் சமையல்காரர் தம்பி. விடியுமுன்ன எந்திரிச்சு ஆக்குறவரு."

"யாருக்கு?"

"அந்த எட்டுப் பேருக்குத்தான்."

"நான் சமையல்காரன் கேக்கலையேண்ணே. ஒம்பது கட்டில் போட்டுக் குடுத்திருக்கேன். ஒம்பது பேரு மிஷின்ல நிக்கணும். இங்க பஞ்சிங் மிஷின் ஆளில்லாம ஈயோட்டுது."

அவருடைய மைத்துனர் சார்ஜாவில் இருக்கும் பெருமையை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருந்தேன். ஆகையால் அந்த வழியில் போய்ப் பார்த்தேன்.

"உங்க மச்சான் ரூம்ல எத்தனை பேரு தம்பி?"

"பத்துப் பேருண்ணே."

"யாரு ஆக்குறா?"

"அதுக்குன்னு ஒருத்தர வச்சிருக்காங்கண்ணே. மெஸ்ஸுன்னு பேரு. கேரளாக்காரரு. மீன் கொழம்பு பிரமாதமா வைப்பாராம்."

"அப்புறமென்ன?"

"அது வேறண்ணே," என்றார் சற்றும் தயங்காமல். "அது ஃபாரின்."

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

மறுநாள் திருமங்கலத்துக்குப் போனேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. அங்கே அட்டை ஒட்டும் வேலையில் சுற்றுப்புறப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து மௌசா மதியச் சாப்பாடு சமைத்தால், அவரைக் கம்பெனியின் கேன்டீன் ஆளாகவே ஆக்கிவிடலாமே என்று நினைத்தேன். பிரபுவும், "செஞ்சு பாக்கட்டும்" என்றார். மௌசா ஆசையாகச் சமைத்தார். பருப்புக்குள் வாழைக்காய், பூசணிக்காய், பப்பாளிக்காய் எல்லாம் போட்டுக் கடுகெண்ணெயில் தாளித்திருந்தார். தட்டைக் கையில் வாங்கிய பேச்சியம்மாள் முதலில் மோந்து பார்த்தார்.

"ஏண்ணே, என்ன எண்ணெய் இது? மூக்குக்குள்ள ஏறுது."

"கடுகெண்ணெய்ம்மா. அவங்க ஊர்ல அதுதான்."

"அம்புட்டுக் காயையும் ஒரே சட்டியில போட்டுட்டாரு. எதைத் தின்னா எதுன்னு தெரியல." இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "சோறு மட்டும் பூவாட்டம் வடிச்சிருக்காரு, அதைச் சொல்லணும். ஆனா நான் என் தூக்குவாளியவே கொண்டாந்துக்கிறேன்."

"பிடிக்காட்டி இந்தாளை மிஷின்ல போட்டுருவாங்களாமே அக்கா" என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்.

"எதுக்கு? வீட்டுல என் மாமியா ஆக்கி வச்சுப் புள்ளைகளப் பாக்குதுனுதான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். அதையும் கூட்டிட்டு வரவா, மேனேசரு அதுக்கொரு மிஷின் குடுப்பாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரபுவுக்கும் கேட்டது; ஆனால் ஏறவில்லை. சமையல் எடுபடவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். "ரைட்டுண்ணே. திங்கக்கிழமையில இருந்து அவரு பஞ்சிங் மிஷின்ல நிக்கட்டும். இல்லாட்டி ரூமைக் காலி பண்ணட்டும். ஞாயித்துக்கிழமை நீங்க வந்து ஆளைப் பாத்து, இவரு செய்வாருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு ஏதாச்சும்னா நானா இழுத்துவிட்டேன்னு ஆகக் கூடாதுல்ல" என்றார். கையைப் பற்றிய அச்சம் அவருக்கும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அச்சம் இல்லாதவரானால் என்னுடைய வார்த்தையைத் தேடியிருக்கமாட்டார்.

பஞ்சிங் இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது திறந்து திறந்து மூடும் ஒரு தாடை. திறந்திருக்கும் கணத்தில் அட்டையை உள்ளே நேராக வைத்துக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அது யாருக்காகவும் காத்திராது.

ஞாயிறு பிற்பகல் இயந்திரம் நின்றிருந்தது. நான், பிரபு, மௌசா, பிகாஷ் ஆகிய நால்வரும் அதன் முன் நின்றோம். மறுப்பார் என்று நான் எதிர்பார்த்த மௌசா மறுக்கவில்லை. கையை முன்னே நீட்டி, தம் மொழியில் ஏதோ சொன்னார். பிகாஷ் அதை மொழிபெயர்க்க விரும்பாமல் தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"மௌசா சொல்லுது... ரெண்டு விரல் போச்சு, மூணு இருக்கு. போதும்னு சொல்லுது அண்ணா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வேணா அண்ணா. மௌசா போனா நாங்க எல்லாம் போறது. மௌசா அதுக்கு பயம். எங்க வேலை போகக் கூடாதுன்னு மிஷின் ஓகே சொல்லுது."

பிரபு மலர்ந்துவிட்டார். "அவரே சரிங்கிறாரேண்ணே!"

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மேலாளர் சரி என்கிறார். நிற்கப் போகிறவரும் சரி என்கிறார். தீபாவளி நெருங்குகிறது. அந்தக் கம்பெனி நம் அலுவலகத்தின் நல்ல வாடிக்கையாளர். ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்குத் திரும்பி மாலைத் தேநீர் குடிக்கலாம். இத்தகைய வேளையில்தான் நம்மில் பலர், "அவரே ஒத்துக்கொண்டாரே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். போக்கிடம் இல்லாதவர் சொல்லும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்பவர் இத்தொழிலுக்கு வரவே கூடாது.

நான் மௌசாவிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, நின்றிருந்த இயந்திரத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன். வைத்தார். பிடிக்க விரல் இல்லாத பக்கம் அட்டை சரிந்து கோணியது. அதை நேராக்க இடக்கையையும் உள்ளே கொண்டுபோனார். இரு கைகளும் அந்தத் தாடைக்குள் இருந்தன. நேராக்கிவிட்டு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்தியவர்போல் மெல்லக் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பிரபு அப்போது தம் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எங்கள் நிறுவனத்தை நடத்தியவர் ஒரு பெண்மணி. என்னைவிட இளையவர்தான், அலுவலகமே அக்கா என்று அழைத்ததால் நானும் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். சௌராஷ்டிரக் குடும்பம். தாயாரிடம் அவர்கள் வீட்டு மொழியில் கொஞ்சிவிட்டு, அதே மூச்சில் கம்பெனிக்காரர்களை மதுரைத் தமிழில் வாங்கு வாங்கென்று வாங்குவார். ஒருமுறை ஒருவர், "இவங்க வேலை நேரத்துல அவங்க பாஷையையே பேசுறாங்க" என்று குறைபட்டபோது, "நாங்க இந்த ஊருக்கு வந்து எம்புட்டோ காலமாச்சுங்க, இன்னமும் வீட்டுக்குள்ள எங்க பேச்சுதான். அதுனால எந்த வேலை நின்னுச்சு?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். வாடிக்கையாளரை இழப்போம் என்பதையும் சொன்னேன்.

"அண்ணே, அங்க நிக்கிறது நீங்க. கண்ணால பாத்தது நீங்க. இங்க உக்காந்துக்கிட்டு நான் எப்படிச் சொல்ல? நீங்க வேணாம்னா வேணாம்." வைக்கப் போகிறவர்போல் நிறுத்தி, மீண்டும் பேசினார். "ஆனா ஒண்ணு. வேணாம்னு வீராப்பாச் சொல்லிட்டு, அந்த ஒம்பது பேரையும் ரோட்டுல விட்டுட்டு வந்துராதீங்க. சொல்றது பாதி வேலைதான்."

எனக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுத்தவை இவைபோன்ற சில வாக்கியங்களே. உங்களுக்கு இப்போது மூன்று நாள் பயிற்சி, குளிரூட்டிய அறை, சான்றிதழ். நல்லது.

உள்ளே போய், முடியாது என்றேன்.

"அப்ப சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்கண்ணே."

"எட்டுப் பேரும் கூடவே போயிருவாங்க தம்பி. தீபாவளி நேரம்."

"போறவன் போகட்டும். நாளைக்கே வேற எட்டுப் பேரு வருவான். ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?"

நேற்றுவரை ஆள் கிடைக்கவில்லை என்று என் காதில் இரைந்தவர் இவர்தான். முதலாளிகளும் மேலாளர்களும் ஆட்களைப் பற்றிப் பேசும்போது, கோபம் வந்தால் ஆள் மலிந்துவிடுகிறது; கோபம் தணிந்தால் ஆள் அருகிவிடுகிறது.

பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டி, எரிவாயு அடுப்பைத் தோளில் வைத்து, ஒன்பது பேரும் நெடுஞ்சாலையோரம் வந்து நின்றார்கள். ஒருவரும் கூச்சலிடவில்லை. மௌசா மட்டும் பிகாஷிடம் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என்னவென்று கேட்டேன். தம்மை ரயிலேற்றிவிட்டு எட்டுப் பேரும் உள்ளே திரும்பிப் போகும்படி சொல்கிறாராம். பிகாஷ் அடுப்பைத் தோள் மாற்றிக்கொண்டார்.

நான் சாலையோரத் தேநீர்க்கடை வாசலில் நின்று தெரிந்த கம்பெனிகளையெல்லாம் அழைத்தேன். ஒருவர் நான்கு பேர் போதும் என்றார். இன்னொருவர், எட்டுப் பேரையும் எடுத்துக்கொள்கிறேன், கிழவர் வேண்டாம் என்றார். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் என் பாடு தீர்ந்திருக்கும். மௌசாவின் பாடும் வேறு விதத்தில் தீர்ந்திருக்கும். கடைசியாக வாடிப்பட்டியில் ஓர் அரிசி ஆலைக்காரரைப் பிடித்தேன். முரட்டு மனிதர், நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"எத்தனை உருப்படி?" என்றார்.

"வேலைக்கு எட்டுப் பேருண்ணே. கூட..." என்று ஒன்பதாவது ஆளை எப்படிச் சொல்வதென்று இழுத்தேன்.

"சமையலுக்கு ஆள் இருக்கா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"இருக்காரு."

"அப்பக் கூட்டிட்டு வாங்க. போன செட்டுல ஆக்குறதுக்கு ஆளு கெடையாது. ஒவ்வொருத்தனும் ஒரு அடுப்பு வச்சான், மோட்டார் ரூம் பூராம் புகை. அப்புறம் கண்ட கடையிலயும் தின்னு வயித்தால போயி, அம்புட்டுப் பேரும் ரயிலேறிட்டான்."

மறைத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, "அவருக்குக் கையில ரெண்டு விரல் இல்லண்ணே" என்றேன்.

"கரண்டி பிடிப்பாருல்ல?"

"பிடிப்பாரு."

"அப்புறமென்ன, மாடு பிடிக்கவா கூப்புடுறேன்? கூட்டிட்டு வாங்கய்யா, நேரமாகுது."

அவ்வளவுதான். ஒரு சரக்கு வண்டி பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பினேன். அந்த ஆலைக்காரரைக் கருணையுள்ளவர் என்று நான் சொல்லமாட்டேன். போன செட்டு ஓடிப்போனதில் கையைச் சுட்டுக்கொண்டவர்; சுட்டதை மறக்காதவர். நம் தொழிலுக்கு அந்த ஞாபகம் இருந்தால் போதும். நமக்கோ அது ஒருநாளும் இருப்பதில்லை. அண்மையில் நம் அலுவலகத்தின் புதிய செயலியை உங்களில் ஒருவர் எனக்குப் பெருமையோடு காட்டினார். ஆளின் வயது, எடை, இரத்த வகை எல்லாம் அதில் இருக்கிறது. இவர்களுக்கு யார் சமைக்கிறார், எங்கே உறங்குகிறார்கள், எவரோடு எவர் வந்தார் என்று கேட்க அதில் ஓர் இடம் இல்லை. எட்டுப் பேர் கேட்டால், மூன்று செட்டுகளிலிருந்து எட்டுப் பேரைப் பிய்த்தெடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். பிறகு எனக்குத் தொலைபேசியில் அழைத்து, ஏன் நிற்பதில்லை என்கிறீர்கள்.

சில வாரங்கள் சென்றன. பிரபுவுக்கு வேறோர் ஏஜென்சி எட்டுப் பேர் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்குச் சற்று முன்பு அவரே அழைத்தார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"அண்ணே, புது ஆளுகள வச்சு மாரடிக்க முடியலண்ணே. தெனம் ஒருத்தன் வேலைக்கு வரமாட்டேங்கிறான். திங்கக்கிழமை ஒருத்தன், செவ்வாக்கிழமை வேறொருத்தன். ஏண்டான்னு கேட்டா, இன்னிக்கி என் சமையல் முறைங்கிறான்."

"அப்ப ஏழு பேருதான் நிக்கிறாங்களா தம்பி?"

"ஏழுதான். அதுலயும், ஒருத்தன் உப்ப அள்ளிக் கொட்டிட்டான்னு சண்டை. ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துக்கிறதில்ல. மூஞ்சியப் பாக்காதவனுகள ஒரே மிஷின்ல எப்படிண்ணே நிப்பாட்டுறது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த மௌசா இருந்தாருல்லண்ணே... அவர மட்டும் அனுப்பி விடுங்களேன். மிஷின் பக்கமே விடமாட்டேன், சத்தியமா. சும்மா ரூம்ல இருந்தாப் போதும்."

"அவரு சும்மா இல்ல தம்பி," என்றேன். "வாடிப்பட்டியில வேலையில இருக்காரு."